ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்க வர்றீங்களா? படிப்பையும் ஊர் சுத்துறதையும் எப்படி சேத்து ஓட்டுறது

ஊர்ல காலேஜ் படிச்சப்போ 75 பர்சென்ட் அட்டென்டன்ஸ் இல்லன்னா எக்ஸாம் எழுத விடமாட்டாங்க, நடுவுல இன்டர்னல் டெஸ்ட், அசைன்மென்ட், மார்க் குறைஞ்சா எச்ஓடி ரூம் வாசல்ல நிக்கிறதுன்னு யாராவது ஒருத்தர் நம்மள பிடிச்சு இழுத்துக்கிட்டே இருப்பாங்க. இங்க அது கிடையாது. நிறைய லெக்சர்ல அட்டென்டன்ஸே எடுக்க மாட்டாங்க, நிறைய பாடத்துக்கு செமஸ்டர் கடைசில ஒரே ஒரு எக்ஸாம், அதுல வர்றதுதான் மார்க். அக்டோபர்ல வந்து இறங்கின உடனே கையில ட்ரெயின், பஸ்ல போற டிக்கெட், சுத்தி வர புது ஊரு, கேக்குறதுக்கு ஆள் இல்ல, அதனால மொத ரெண்டு மாசம் லீவு மாதிரியே தோணும். நானும் நான் படிச்ச ஆஹன்ங்கிற ஊர்ல அப்படித்தான் ஆரம்பிச்சேன்.

மொதல்ல ஒரு கணக்கு போட்டு பாருங்க. ஒவ்வொரு பாடத்துக்கும் இவ்ளோ வேலைன்னு கிரெடிட்ல அளக்குறாங்க, ஒரு கிரெடிட்னா ஏறக்குறைய 30 மணி நேர வேலைன்னு வச்சிருக்காங்க. அப்போ 5 கிரெடிட் பாடம் ஒண்ணுக்கு 150 மணி நேரம், அதுல நீங்க கிளாஸ்ல உக்காந்திருக்கிறது அம்பது, அறுபது மணி நேரம்தான், மிச்சம் எல்லாமே நீங்களா உக்காந்து படிக்க வேண்டியது. ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட்னா 900 மணி நேரம். டைம்டேபிள்ல காலியா தெரியுற வெள்ளிக்கிழமை உண்மையில காலி இல்லைங்கிறது இதுல இருந்து புரியும்.

எனக்கு அது புரிஞ்ச விதம் கொஞ்சம் வலிச்சுது. மொத செமஸ்டர்ல எக்ஸாமுக்கு தனியா ரெஜிஸ்டர் பண்ணனும், அதுக்கு ஒரு கடைசி தேதி இருக்குன்னு மெயில் வந்திருந்துச்சு, நான் நண்பர்களோட நாலு நாள் வெளிய போயிருந்தேன், திரும்பி வந்து பாத்துக்கலாம்னு விட்டேன், வந்து பாத்தா தேதி முடிஞ்சிருந்துச்சு. ஒரு பாடம் அடுத்த செமஸ்டருக்கு தள்ளிப்போச்சு, அதோட ஒரு ஆறு மாச வாடகையும் சாப்பாடும். ஊர்ல ஃபீஸ் கட்டினா ஹால்டிக்கெட் தானா வர்ற பழக்கத்துல இருந்து வர்றோம்ல, அதனால நம்ம பசங்க இதுல நிறைய பேர் மாட்டுறாங்க. வந்த மொத வாரமே ரெஜிஸ்ட்ரேஷன் ஆரம்பிக்கிற தேதி, முடியுற தேதி, பேரை வாபஸ் வாங்குற தேதி மூணையும் போன் காலண்டர்ல போட்டுடுங்க, அப்புறம்தான் ட்ரிப் பேச்சே. இன்னொன்னு, நிறைய யுனிவர்சிட்டில ஒரு எக்ஸாமுக்கு மூணு வாய்ப்புதான், மூணுலயும் போச்சுன்னா அதே கோர்ஸை ஜெர்மனில வேற எங்கயும் போய் படிக்க முடியாத நிலைமை வரும். அரியர் வச்சு அப்புறம் கிளியர் பண்ணலாம்ங்கிற நெனப்ப ஊர்லயே விட்டுட்டு வாங்க.

இவ்ளோ சொல்லிட்டு ஊர் சுத்தாதீங்கன்னு சொல்ல வரல. ரூமுக்குள்ளயே கெடந்து ரெண்டு வருஷத்துல யுனிவர்சிட்டி, கடை, பார்ட்டைம் வேலை தவிர எதையும் பாக்காம போனவங்களையும் எனக்கு தெரியும், குளிர்காலத்துல தனியா உக்காந்து மனசு ஒடிஞ்சு போனவங்களையும் தெரியும். "எல்லா எக்ஸாமும் முடியட்டும், அப்புறம் மொத்தமா சுத்தலாம்"ங்கிற பிளான்தான் இங்க சரிப்படாது. ஏன்னா லெக்சர் பிப்ரவரி மொத பாதியில முடியும், ஆனா எக்ஸாம் பிப்ரவரி, மார்ச் ரெண்டுலயும் சிதறி கெடக்கும், கோடைலயும் அதே கதைதான், ஜூலைல லெக்சர் முடிஞ்சு எக்ஸாம் செப்டம்பர் வரைக்கும் இழுக்கும். எக்ஸாமுக்கு நடுவுல வர்ற அந்த காலி வாரத்துலதான் வேலையும் கெடைக்கும், வருஷத்துக்கு 140 முழு நாள் வரைக்கும் வேலை பாக்கலாம்னு ரூல் இருக்கு, லோன் இருக்கிறவங்க அத விட மாட்டாங்க. லீவுன்னு பேரு, ஆனா லீவு இல்ல.

அதனால நான் சொல்றது இதுதான், சின்ன சின்னதா, ஒரு நாள்ல போய்ட்டு வர்ற மாதிரி, லெக்சர் நடக்குற மாசத்துலயே சுத்துங்க. அதுக்கு ஞாயித்துக்கிழமை மாதிரி ஒரு நாள் கிடையாது. அன்னிக்கு கடை எல்லாம் பூட்டியிருக்கும், ஆபீஸ் வேலை எதுவும் ஓடாது, ரூம்ல இருந்தாலும் தூங்கித்தான் கழிப்போம். சனிக்கிழமை காய்கறி, துணி துவைக்கிறது, படிப்பு, ஞாயிறு காலைல ஏழு மணி ட்ரெயின்.

டிக்கெட்டை பத்தி சொல்லணும். ஜெர்மனி முழுக்க லோக்கல் ட்ரெயின், பஸ், ட்ராம் எல்லாத்துலயும் போற மாச டிக்கெட் 2023 மே மாசம் 49 யூரோவுக்கு வந்துச்சு, 2025ல 58 ஆச்சு, இப்பவும் ஏறிக்கிட்டுதான் இருக்கு. நிறைய யுனிவர்சிட்டில செமஸ்டர் ஃபீஸோடவே இத சேத்து தர்றாங்க, அதுக்கு விலை நார்மல் டிக்கெட்ல 60 சதவீதம்தான். ஐசிஈ மாதிரி வேகமான வண்டில ஏறாதீங்க, அதுல இது செல்லாது, ட்ரெயின்ல ஆர்பி, ஆர்ஈ, எஸ்-பான்னு போட்டிருக்கிற லோக்கல் வண்டி மட்டும்தான்.

ஆஹன்ல இருந்தா ஆர்ஈ 1ங்கிற ஒரே வண்டி போதும். ஒரு மணி நேரத்துல கொலோன், ஸ்டேஷன விட்டு வெளிய வந்தா கண்ணு முன்னாடி டோம்ங்கிற பெரிய சர்ச் நிக்கும். 1248ல அஸ்திவாரம் போட்டு 1880லதான் கட்டி முடிச்சாங்க, 157 மீட்டர் உயரம், தெற்கு கோபுரத்துல 533 படி ஏறணும், ஏறுங்க. அதே வண்டில டுசல்டார்ஃப், எஸன், டார்ட்மண்ட் எல்லாம் தாண்டி கடைசி வரைக்கும் உக்காந்திருந்தா ஹம்ங்கிற ஊர் வரும். அங்க இருந்து பஸ் புடிச்சா ஊன்ட்ரோப்ல ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோவில். இலங்கைத் தமிழர்கள் எழுப்பினது, 2002ல கும்பாபிஷேகம், நம்ம ஊர் மாதிரியே கோபுரம், கோடைல தேர்த்திருவிழா. மூணு மணி நேரம் ஜெர்மன் அறிவிப்பையே கேட்டுட்டு போய் இறங்கி, விபூதி வாசமும் நாதஸ்வரமும் சுத்தி எல்லாரும் தமிழ்ல பேசிக்கிறதையும் கேட்டப்போ எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. மொத வருஷமே ஒரு தடவ போய்ட்டு வாங்க. போறப்ப வர்றப்ப ஆறு மணி நேரம் கெடைக்குதுல்ல, அதுல பாதி நேரம் ஸ்லைடு படிச்சாலே ஒரு நாள் படிப்பு முடிஞ்சுடும், நான் ஒரு முழு பாடத்த அந்த வண்டிலதான் படிச்சேன்.

வெளிச்சத்தையும் கணக்குல வச்சுக்கோங்க. டிசம்பர்ல நாலரைக்கெல்லாம் இருட்டிடும், ஜூன்ல ராத்திரி பத்து மணி கிட்ட வரைக்கும் வெளிச்சம் இருக்கும். கோடைல நாலு மணிக்கு கிளாஸ் முடிஞ்சா அதுக்கப்புறமும் அஞ்சு மணி நேரத்துக்கு மேல பகல் இருக்கு, ஆஹன்ல இருந்து மொன்ஷாங்கிற சின்ன ஊருக்கு பஸ்ல ஒரு மணி நேரம், மரச்சட்டம் வச்ச பழைய வீடு, நடுவுல ஓடுற ஆறு, பாத்துட்டு படுக்க வந்துடலாம். கிறிஸ்துமஸ் லீவு ரெண்டு வாரத்துல மொத வாரம் எங்க வேணா போங்க, ரெண்டாவது வாரம் ரூம்ல இருங்க, ஜனவரி முடியும்போது எக்ஸாம் வந்து நிக்கும்.

பெரிய ட்ரிப்புக்கு எக்ஸாம் தேதி பக்காவா வந்தப்புறம் மட்டும் ஃபிளைட் போடுங்க. ரெசிடென்ஸ் பெர்மிட், அதாவது ஜெர்மனில தங்குறதுக்கு தர்ற அனுமதி கார்டு இருந்தா, ஒரே விசால போய் வர்ற மத்த ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாள்ல 90 நாள் வரைக்கும் போகலாம், பாஸ்போர்ட்டும் அந்த கார்டும் ஒரிஜினலா கையில இருக்கணும், போட்டோ காப்பி செல்லாது. லண்டன் ஷெங்கன்ல இல்ல, அதுக்கு தனி விசா. விசா முடிஞ்சு கார்டுக்காக காத்திருக்கிற நேரத்துல வெறும் தற்காலிக பேப்பரை நம்பி எல்லை தாண்டுறதுக்கு முன்னாடி ஃபாரினர்ஸ் ஆபீஸ்ல கேட்டுக்கோங்க.

விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைக்கிற ப்ளாக்டு அக்கவுண்ட்ல இருந்து மாசம் வர்ற 992 யூரோல வாடகையும் இன்சூரன்ஸும் போக பெருசா மிஞ்சாது, அதனால புளிசாதமோ லெமன் சாதமோ டப்பால கட்டிக்கோங்க, பாட்டில்ல பைப் தண்ணி புடிச்சுக்கோங்க, நல்ல தண்ணிதான். திங்கக்கிழமை காலைல எக்ஸாமோ லேபோ இருந்தா ஞாயிறு கடைசி வண்டிய நம்பாதீங்க, அதுக்கு ரெண்டு வண்டி முன்னாடியே கிளம்பிடுங்க.