நாட்பட்ட அடிவயிற்று வலியும் சிறுநீர் உபாதையும்: தேயிலைத் தோட்டப்புற ஆய்வில் அளப்பது எப்படி?

வலியையும் சிறுநீர் உபாதையையும் கூட்டி ஒரே எண்ணாக்காதீர்கள். ஒரு சிகிச்சையில் வலி இறங்கி, அடிக்கடி ஒண்ணுக்குப் போவது அப்படியே இருந்தால் கூட்டுத்தொகை அதை மறைத்துவிடும். நாட்பட்ட இடுப்பறை வலியை ஆராயும் அமெரிக்காவின் மேப் (MAPP) ஆய்வு வலையமைப்பும் இரண்டையும் பிரித்தே அளக்கச் சொல்கிறது.

படி 1: யாரைச் சேர்ப்பது
வலி 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். சிறுநீரில் டிப்ஸ்டிக் (பட்டைச் சோதனை), கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) இரண்டும் பாருங்கள். கிருமித்தொற்று இருந்தால் அதை முதலில் குணப்படுத்திவிட்டு மறுபடி அளவெடுங்கள்.

படி 2: வினாக்கொத்து
ஜி.யூ.பி.ஐ. (GUPI) என்பது அடிவயிற்று வலியையும் சிறுநீர் உபாதையையும் புள்ளியிட்டு அளக்கும் வினாக்கொத்து; புள்ளி கூடினால் உபாதை கூடுதல். ஆண், பெண் இருபாலாருக்கும் பொருந்தும். கடந்த ஒரு வாரத்தைப் பற்றிக் கேட்கும். வலிக்கு 0–23, சிறுநீருக்கு 0–10, வாழ்க்கைத் தரத்துக்கு 0–12. மூன்றுக்கும் மூன்று நிரல்.

தமிழாக்கத்துக்கு உரிமையாளரிடம் அனுமதி வாங்குங்கள். இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்ப வேண்டும். பிறகு தோட்டத்து ஆட்கள் சிலரிடம் வாசித்துக் காட்டி, என்ன விளங்கியது என்று கேளுங்கள். ‘கடுக்குது’ என்றால் உடல் படத்தில் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

படி 3: மூன்று நாள் சிறுநீர்க் குறிப்பு
பிழை அதிகம் வருவது இங்கேதான். ஒரு நாளாவது வேலையில்லாத நாளாக இருக்கட்டும். கொழுந்து மலையில் பக்கத்தில் மலசலகூடம் இருக்காது. பெண்கள் தண்ணீரைக் குறைத்து, வந்ததை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். வேலைநாளில் நாலு தடவைதான் என்று எழுதியிருந்தால் அது சுகத்தின் அடையாளமல்ல. எனவே ‘வந்தது, போக முடியவில்லை’ என்று தனி நிரல் போடுங்கள்.

இரவிலும் இதே சிக்கல். மலசலகூடம் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) வெளியே, குளிர் வேறு. விழித்தும் எழுந்து போகாமல் படுத்திருப்பார்கள். சிறுநீர் முட்டி விழித்த தடவை, போன தடவை இரண்டையும் வேறுவேறாகக் குறிக்க வேண்டும்.

அளவுச் சாடியை மலைக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம், யாரும் பாவிக்கமாட்டார்கள். அங்கே நேரம் மட்டும் போதும்; மில்லிலீட்டர் வீட்டில். பிளேன்டீ குடிக்கும் கோப்பையை ஒருமுறை அளந்து, அதன் அளவைக் குறிப்பேட்டின் தலைப்பில் எழுதிவிடுங்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படுவோருக்குச் சூரியன், நிலா, துளி படங்கள் போதும்.

படி 4: கேட்கும் இடம்
லயத்துக் காம்பராவில் கேட்டால் அடுத்த காம்பராவுக்கும் கேட்கும். டிஸ்பென்சரியில் கதவை மூடி, பெண்களிடம் பெண்ணே கேட்கட்டும். கங்காணி அருகில் இருந்தால், வேலைக்குப் பேர் விழாது என்ற பயத்தில் வலியைக் குறைத்துத்தான் சொல்வார்கள். உடலுறவு வலி பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடலாம். அதை 0 என்று நிரப்பாதீர்கள், ‘பதிலில்லை’ என்றே பதியுங்கள்.

படி 5: தொடக்க அளவு
வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆட்கள் ஆய்வுக்கு வருவார்கள்; சிகிச்சையே இல்லாமலும் அடுத்த சில வாரங்களில் புள்ளி இறங்கும். அதனால் தொடக்க அளவைச் சில வார இடைவெளியில் இருமுறை எடுங்கள். ஜி.யூ.பி.ஐ. மொத்தத்தில் 7 புள்ளி குறைவது கவனிக்கத்தக்க முன்னேற்றம் என்று கொள்வது வழக்கம். மொத்தத்தைச் சொன்னாலும், அது வலியில் இறங்கியதா சிறுநீரில் இறங்கியதா என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள்.