ஓட்டுநரின் கண் உயரத்திலிருந்து ஒரு பந்தயத் தடம்

கணினியில் கார் பந்தயம் ஓட்டும் சிமுலேட்டரில் சொந்தமாகத் தடம் அமைப்பவர்கள் பெரும்பாலும் மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் வளைவுகளை அழகாக இழுத்துவிட்டு, பாதி வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஓட்டுபவரோ அதே தடத்தைத் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில், ஃபார்முலா வகைக் காராக இருந்தால் அதைவிடவும் தாழ்வாக அமர்ந்து பார்க்கிறார். ஆகவே மையக்கோட்டை வரைந்தவுடன், மரங்களையும் பார்வையாளர் மாடங்களையும் வைப்பதற்கு முன்பே, கேமராவை அந்த உயரத்துக்கு இறக்கி ஒரு முழுச் சுற்று நகர்த்திப் பாருங்கள்.

அடுத்து, ஒவ்வொரு வளைவுக்கும் சிறு கணக்கு ஒன்று போட வேண்டும். டயரின் பிடிப்பு 1 ஜி, அதாவது காரின் எடைக்குச் சமமான விசை, என்று கொண்டால், 50 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவை மணிக்கு சுமார் 80 கி.மீ. வேகத்தில்தான் கடக்க முடியும். மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த வேகத்துக்குக் குறைய ஏறக்குறைய 100 மீட்டர் தேவை. வளைவைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகும் அரை நொடியில் இன்னும் 25 மீட்டர் கழிந்துவிடும். அப்படியானால், சற்றுக் கூடுதல் இடமும் சேர்த்து, வளைவின் தொடக்கம் குறைந்தது 150 மீட்டர் தொலைவிலிருந்தே தெரிய வேண்டும். 150, 100, 50 என்ற தொலைவுப் பலகைகளை வளைவின் வெளிப்பக்கத்தில் நிறுத்துவது நல்லது; உள்பக்கத்தில் வைத்தால் முன்னால் செல்லும் கார்கள் அவற்றை மறைத்துவிடும்.

மேடுகளில்தான் நான் அதிகம் தவறியிருக்கிறேன். என் முதல் தடத்தில் ஒரு மேட்டைத் தாண்டியதும் வலப்புற வளைவு வரும். ஓட்டிய நண்பர்கள் எல்லோரும் ஒரே சுவரில் போய் மோதினார்கள். தடம் விலகும் காரை நிறுத்தச் சுவருக்கு முன் இருந்த சரளைப் பரப்பை இரு மடங்காக்கியும் பயனில்லை. கேமராவைத் தாழ்த்திய பிறகே, பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் முன்கண்ணாடி முழுக்க வானம் மட்டுமே தெரிவதைக் கண்டேன். உண்மையான தடங்களுக்கு எஃப்.ஐ.ஏ. (சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பு) தரும் வழிகாட்டுதலில், மேட்டின் செங்குத்து ஆரம் (பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தெரியும் வளைவின் ஆரம்), மணிக்கு கி.மீ. கணக்கிலான வேகத்தின் வர்க்கத்தை 15ஆல் வகுத்த அளவு மீட்டராவது இருக்க வேண்டும். பள்ளத்துக்கு வகுக்கும் எண் 20. மணிக்கு 180 கி.மீ. வேகத்துக்கு மேட்டின் ஆரம் 2,160 மீட்டர் ஆகிறது. அதே வேகத்தில், ஆரம் சுமார் 250 மீட்டராக இருந்தால் கார் தரையைவிட்டு எழும்பும் நிலைக்கு வந்துவிடும் என்பதை ஒப்பிட்டால், இந்தத் தாராளம் எதற்கென்று விளங்கும்: பிரேக் பிடிக்கும் இடத்தில் சக்கரங்கள் எடை இழக்கக் கூடாது.

அகலத்துக்கு 12 மீட்டரும், தொடக்க வரிசை நிற்கும் இடத்துக்கு 15 மீட்டரும் போதும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதை 60 மீட்டர் நீளத்திலாவது பரப்பினால் பக்கத்துப் பக்கம் வரும் கார்கள் உரசிக்கொள்ளா.

சிமுலேட்டருக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. இரண்டு சுவர்த் துண்டுகள் சேரும் இடத்தில் விரலளவு பிசிறு இருந்தாலும், சுவரோடு உராய்ந்து தப்பியிருக்க வேண்டிய கார் அதில் மாட்டிச் சுழன்றுவிடும். எனவே கண்ணுக்குத் தெரியும் டயர் அடுக்கு எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும், மோதலைக் கணக்கிடும் சுவரைத் தனியாக, கண்ணுக்குத் தெரியாத வழவழப்பான ஒரே பரப்பாக அமையுங்கள். தார்ப் பரப்பும் புல்லும் சந்திக்கும் விளிம்பையும் படி இல்லாமல் ஒட்டிவிடுங்கள். அங்கே ஐந்து செ.மீ. உயர வேறுபாடு வழுக்கிவரும் காரைக் கவிழ்க்கப் போதுமானது.

இறுதியாக, தடத்தை இதுவரை பார்த்திராத ஒருவரிடம், திரையிலுள்ள சிறு வரைபடத்தை மறைத்துவிட்டு, மூன்று சுற்று ஓட்டச் சொல்லுங்கள். முதல் சுற்றில் அவர் தயங்கிய இடங்களைக் குறித்துக்கொண்டு, அங்கே ஒரு பலகையோ வளைவின் போக்கைக் காட்டும் மர வரிசையோ வையுங்கள். திருத்திய பின் சோதிக்க வேறொருவரைத் தேடுவதே சரி, ஏனெனில் முதலாமவருக்குத் தடம் ஏற்கெனவே மனப்பாடமாகியிருக்கும்.