ஆட்டோகேடில் இரண்டு டிராயிங்கை அருகருகே வைத்து வேலை செய்வது எப்படி?

தரைத்தள பிளான் ஒரு ஃபைல், முதல் தள பிளான் இன்னொரு ஃபைல். கீழே உள்ள 230 x 230 மி.மீ. தூண்கள் மேலேயும் இம்மி பிசகாமல் அதே இடத்தில் வர வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்து பார்த்தால் போதும், பல டிராயிங்குகளைக் கையாளும் விதம் பிடிபட்டுவிடும். ஆட்டோகேட் ரிலீஸ் 14 வரை ஒரு நேரத்தில் ஒரு டிராயிங்தான் திறக்கும். அடுத்து வந்த ஆட்டோகேட் 2000 முதல்தான் இந்த வசதி இருக்கிறது.

திறப்பதும் தாவுவதும்

கன்ட்ரோல் + ஓ அழுத்தி, கன்ட்ரோல் கீயைப் பிடித்தபடி இரண்டு ஃபைல்களையும் தேர்ந்தெடுத்துத் திறங்கள். வரையும் பகுதிக்கு மேலே ஒவ்வொன்றுக்கும் ஒரு டேப் வரும் (2014 பதிப்பு முதல்). டேப் வரிசை காணவில்லையென்றால், கமாண்ட் லைனில் ஃபைல்டேப் (FILETAB) என்று இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

டேப்பில் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் இன்னும் சேவ் ஆகாத மாற்றம் இருக்கிறது என்று பொருள். பூட்டுப் படம் இருந்தால் அது படிக்க மட்டும் திறந்திருக்கிறது. எவ்வளவு வரைந்தாலும் அதே பெயரில் சேவ் ஆகாது. பெரும்பாலும் வேறு யாரோ அதே ஃபைலைத் திறந்து வைத்திருப்பார்கள். யாருமே திறக்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தும் பூட்டு போகவில்லையா? முன்பு புரோகிராம் பாதியில் நின்றபோது, அதே ஃபோல்டரில் டி.டபிள்யூ.எல் என்ற நீட்சியோடு ஒரு சிறு ஃபைல் தங்கியிருக்கும். அதை அழித்துவிட்டு மறுபடி திறங்கள்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ கன்ட்ரோல் + டேப்.

அருகருகே அடுக்குவது

ரிப்பனில் வியூ டேப், அதில் இன்டர்ஃபேஸ் பேனல். அங்கே டைல் வெர்ட்டிகலி என்பதை அழுத்தினால் இரண்டும் இடமும் வலமுமாக நிற்கும். டைல் ஹாரிசான்டலி ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்கும். நீளவாக்கில் இருக்கும் எலிவேஷனுக்கு (கட்டடத்தின் பக்கத் தோற்ற டிராயிங்) அதுதான் வசதி. கேஸ்கேட் என்றொரு பட்டனும் உண்டு. சீட்டுக்கட்டு போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும், அதனால் பெரிய பயன் இல்லை.

அடுக்கும்போது திறந்திருக்கும் எல்லா டிராயிங்கும் இடம் பிடிக்கும். ஐந்து திறந்திருந்தால் ஐந்து துண்டாகும். வேண்டாதவற்றை முதலில் மினிமைஸ் செய்துவிட்டு அடுக்குங்கள். 2022 பதிப்பு முதல் டேப்பை மவுசால் பிடித்து வெளியே இழுத்தால் அந்த டிராயிங் தனி விண்டோவாகக் கழன்று வரும். இரண்டு மானிட்டர் இருப்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

எந்த விண்டோவில் இருக்கிறீர்கள்?

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். நீங்கள் டைப் செய்யும் கமாண்ட், எந்த விண்டோ ஆக்டிவாக இருக்கிறதோ அதற்குத்தான் போகும். ஒவ்வொரு டிராயிங்குக்கும் அன்டூ வரிசையும் தனி. தவறாக ஒட்டியது முதல் தளத்தில், நீங்கள் நிற்பது தரைத்தளத்தில் என்றால், கன்ட்ரோல் + இசட் தரைத்தளத்தில் ஒழுங்காக இருந்த வேலையைக் கலைத்துவிடும். இரண்டு, மூன்று தடவை தட்டிய பிறகுதான் விஷயம் தெரியவரும். எனவே விண்டோ மாறும்போது டைட்டில் பட்டையைப் பார்த்து, அதிலேயே கிளிக் செய்து மாறுவது நல்லது.

இன்னொரு குழப்பம்: ஆர்த்தோ (எஃப்8), அதாவது கோட்டைக் கிடையாகவோ செங்குத்தாகவோ மட்டும் போக வைக்கும் வசதி, அதன் நிலை அந்தந்த டிராயிங்கோடு சேர்ந்தே சேவ் ஆகும். ஒன்றில் கோடு நேராகப் போய், மற்றொன்றில் சாய்ந்து போனால் மவுசைக் குறை சொல்லாதீர்கள். ஆஸ்னாப் (முனை, மூலை போன்ற புள்ளிகளைத் துல்லியமாகப் பிடிக்கும் வசதி) தேர்வுகள் அப்படியல்ல, அவை எல்லா டிராயிங்குக்கும் பொது.

தூண்களை எடுத்துச் செல்வது

ஒட்டுவதற்கு முன் இரண்டு ஃபைலிலும் யூனிட்ஸ் கமாண்ட் கொடுத்து, இன்சர்ஷன் ஸ்கேல் என்ற இடத்தைப் பாருங்கள். இரண்டிலும் மில்லிமீட்டர் என்றே இருக்க வேண்டும். எடுக்கும் ஃபைலில் மில்லிமீட்டரும் ஒட்டும் ஃபைலில் அங்குலமும் என்றிருந்தால், ஆட்டோகேட் தானாகவே 25.4ஆல் வகுத்து ஒட்டும். 230 இருக்க வேண்டிய தூண் சுமார் 9.06 ஆகி, பிளானில் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். அக்கேட் (acad) என்ற டெம்ப்ளேட்டில் தொடங்கிவிட்டு மில்லிமீட்டரில் வரைவதுதான் இதற்கு வழக்கமான காரணம், அந்த டெம்ப்ளேட்டின் அளவு அங்குலம். மில்லிமீட்டருக்கு அக்கேட்ஐஎஸ்ஓ (acadiso) டெம்ப்ளேட்டை எடுங்கள். ஒட்டிய பிறகு யூனிட்டை மாற்றினால் ஒட்டியது பெரிதாகாது. அன்டூ செய்து, யூனிட்டைச் சரிசெய்து, மறுபடி ஒட்ட வேண்டும்.

அளவு சரியாக இருந்தால்:

1. தரைத்தள விண்டோவில் தூண்களைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + சி.
2. முதல் தள விண்டோவின் டைட்டில் பட்டையில் கிளிக்.
3. வரையும் பகுதியில் ரைட் கிளிக், கிளிப்போர்டு, அதில் பேஸ்ட் டு ஒரிஜினல் கோஆர்டினேட்ஸ்.

தூண்கள் எந்த ஆயத்தொலைவில் இருந்தனவோ அங்கேயே வந்து உட்காரும். வெறும் கன்ட்ரோல் + வி அழுத்தினால், தேர்வின் இடது கீழ் மூலை கர்சரில் தொங்கும், இடத்தைக் கண்ணளவில் வைக்க வேண்டியிருக்கும். அந்தப் பழக்கமே வேண்டாம்.

மேலே சொன்ன முறை பலிக்க, இரண்டு பிளானும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து வரையப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் தூண்கள் எங்கோ தூரத்தில் போய் விழும். அப்போது கன்ட்ரோல் + ஷிஃப்ட் + சி கொடுத்து, முதல் தளத்திலும் அடையாளம் காணக்கூடிய ஒரு மூலையை, உதாரணமாகத் தென்மேற்குச் சுவரின் வெளிமூலையை, ஆஸ்னாப் பிடித்து அடிப்புள்ளியாகக் காட்டுங்கள். பிறகு தேர்வு செய்து, அடுத்த விண்டோவில் கன்ட்ரோல் + வி அழுத்தி, அதே மூலையில் வையுங்கள்.

ஒட்டியும் எதுவுமே தெரியவில்லையா? அந்தத் தூண்களின் லேயர் (பொருட்களைப் பிரித்து வைக்கும் அடுக்கு) முதல் தளத்தில் ஆஃப் அல்லது ஃப்ரீஸ் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். லேயர் பெயர் இரண்டிலும் ஒன்றாக இருந்தால், ஒட்டப்படும் டிராயிங்கில் உள்ள நிறமும் நிலையுமே செல்லும்.

பிளாக்குக்கும் (பெயரிட்டு ஒரே பொருளாகச் சேர்த்து வைத்த வரைபடத் துண்டு) இதே விதிதான், அங்கே விளைவு மோசம். இரண்டு ஃபைலிலும் டி1 என்ற பெயரில் கதவு பிளாக் இருந்து, ஒன்று 900, மற்றொன்று 1000 மி.மீ. அகலம் என்றால், 900 கதவை எடுத்துப்போய் ஒட்டினாலும் அங்கே 1000 கதவுதான் விழும். எச்சரிக்கைப் பெட்டி எதுவும் வராது. கதவு கதவாகத்தானே தெரிகிறது என்று கண்ணும் விட்டுவிடும். எடுப்பதற்கு முன் ரீநேம் கமாண்டில் பெயரை மாற்றிவிடுங்கள்.

லேயர், டைமென்ஷன் ஸ்டைல் மட்டும் வேண்டுமென்றால் பொருளை ஒட்டி அழிக்கத் தேவையில்லை. கன்ட்ரோல் + 2 அழுத்தி டிசைன் சென்டரைத் திறந்து, ஓப்பன் டிராயிங்ஸ் பகுதியிலிருந்து இழுத்துப் போடலாம்.

ஒரே டிராயிங்கின் இரண்டு மூலைகள்

இதற்காக அதே ஃபைலை இரண்டாம் முறை திறக்காதீர்கள், படிக்க மட்டுமான நகல்தான் கிடைக்கும். மாடல் ஸ்பேஸில் (வழக்கமாக வரையும் பரப்பு) விபோர்ட்ஸ் (VPORTS) கமாண்ட் கொடுத்து, டூ வெர்ட்டிகல் தேர்ந்தெடுங்கள். இடப்பக்கம் முழு பிளான், வலப்பக்கம் படிக்கட்டை மட்டும் பெரிதாக்கி வைத்துக்கொள்ளலாம். தனி டிராயிங் விண்டோக்களில் நடக்காத ஒன்று இங்கே நடக்கும்: ஒரு பக்கத்தில் கோட்டைத் தொடங்கி, மறுபக்கத்தில் ஒரு கிளிக் செய்து அதை ஆக்டிவாக்கி, அங்கே முடிக்கலாம். கன்ட்ரோல் + ஆர் பக்கம் மாற்றும். பழையபடி ஒரே பரப்பாக்க, விபோர்ட்ஸில் சிங்கிள்.

மூடும்போது

நடப்பு டிராயிங்கை மட்டும் மூட கன்ட்ரோல் + எஃப்4. ஆல்ட் + எஃப்4 புரோகிராமையே மூடும், விரல் தவறிப் போவது சகஜம். டேப்பில் ரைட் கிளிக் செய்தால் சேவ் ஆல், க்ளோஸ் ஆல் இரண்டும் இருக்கும். முதலாவதை அழுத்தி, நட்சத்திரக் குறி எல்லா டேப்பிலும் மறைந்ததைப் பார்த்த பிறகு இரண்டாவதை அழுத்துங்கள்.