பிரேக் பிடித்தால் முன்சக்கரம் நகர்கிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்குக் கொடிமலையிலிருந்து ஜீப் சாலை வழியாகத் தாவரவியல் பூங்காவை நோக்கி மலைச் சைக்கிளில் இறங்குகிறவர்களுக்கு ஒரு தொல்லை நேர்வதுண்டு. முன் பிரேக்கைப் பலமாகப் பிடித்ததும் 'டக்' என்ற ஓசையுடன் சக்கரம் சற்றே இடம் மாறுகிறது. அதற்குப் பின் வழி நெடுகிலும், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தகடு பிரேக் பேடில் உரசிக்கொண்டே வருகிறது. உடனே, பேடுகளால் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளையும் தளர்த்தி, உரசல் நிற்கும் இடமாகப் பார்த்து மீண்டும் இறுக்கிவிட்டுப் புறப்படுவதுதான் இதில் நடக்கும் தவறுகளிலேயே மோசமானது. சாய்ந்து நிற்கும் சக்கரத்துக்கு ஏற்பக் காலிப்பரை மாற்றி வைத்தால் உரசல் நின்றுவிடும். சக்கரம் கழன்றுகொண்டிருப்பதைக் காட்டிக்கொடுத்த அறிகுறியும் அதோடு போய்விடும்.

டிஸ்க் பிரேக் எந்தத் திசையில் தள்ளுகிறது என்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும். சைக்கிள் முன்னே செல்லும்போது டிஸ்க்கின் பின்பகுதி மேல்நோக்கிச் சுழல்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இடது காலுக்குப் பின்புறம் உள்ள காலிப்பர் அதைப் பிடித்து நிறுத்துவதால் சக்கரத்தின் மீது கீழ்நோக்கிய விசை விழுகிறது. லிவரை மடக்கிச் சக்கரத்தை இறுக்கும் குவிக் ரிலீஸ் வகை ஃபோர்க்கில் அச்சு அமரும் பிளவும் கீழ்நோக்கியே திறந்திருக்கிறது. 160 மில்லிமீட்டர் டிஸ்க்கின் ஆரம் சக்கரத்தின் ஆரத்தில் கால் பங்குக்கும் குறைவு என்பதால், தரையில் டயர் பெறும் தடுப்பு விசையைப்போல் நான்கு மடங்குக்கும் மேலான விசை காலிப்பரில் உண்டாகிறது. ஓட்டுபவரின் எடை அச்சைப் பிளவுக்குள் அழுத்தி வைத்தாலும், கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது இடது முனையில் அது போதாமல் போகிறது. 2003ஆம் ஆண்டில் ஜேம்ஸ் அன்னன் என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர் இதை எடுத்துக்காட்டிய பிறகுதான் பரவலாகப் பேசப்பட்டது. ரிம்மைப் பிடிக்கும் பழைய பிரேக்குகளில் இந்த வெளித்தள்ளும் விசை கிடையாது. அந்தக் காலத்து அலட்சியமான இறுக்கத்தை டிஸ்க் பிரேக் பொறுத்துக்கொள்ளாது.

அந்த இறுக்கத்தில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. பூங்காவுக்கு அருகிலுள்ள தண்ணீர்மலைப் பக்கம் காரை நிறுத்தி, பின்புறத்திலிருந்து சைக்கிளை இறக்கி, கழற்றி வைத்த முன்சக்கரத்தை அவசரமாக மாட்டும்போது, குவிக் ரிலீஸ் லிவரைத் திருகாணி போலச் சுற்றியே இறுக்கி விட்டுவிடுகிறார்கள். லிவர் சுற்றுவதற்கானதன்று, மடக்குவதற்கானது. மறுமுனை நட்டைத் திருகி அளவு வைத்துக்கொண்டு லிவரை மடக்கினால், அது அச்சுக்கு நேர்கோட்டில் நிற்கும் பாதி வழியிலேயே எதிர்ப்புத் தொடங்க வேண்டும். முழுவதும் மூடியதும் உள்ளங்கையில் அதன் தடம் பதிந்திருக்க வேண்டும். சைக்கிளைத் தலைகீழாக வைத்தோ தூக்கிப் பிடித்தோ மூடுவதும் தவறு. சக்கரம் தரையில் நிற்க, ஹேண்டில்பாரை மேலிருந்து அழுத்தி, அச்சு பிளவின் மேல்முனைவரை உட்கார்ந்த பிறகே மூட வேண்டும். லிவரையும் நட்டையும் இணைக்கும் கம்பியான ஸ்கூவரில் உள்ள இரண்டு கூம்புச் சுருள்களின் குறுகிய முனை, சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பை நோக்கி இருக்க வேண்டும். மாறிப் போட்டால் சுருள் நடுவில் நசுங்கிப் பிடிமானம் கெடும். லிவர் டிஸ்க்கை நோக்கி நீட்டிக்கொண்டும் இருக்கக் கூடாது. லிவர் 180 பாகைக்கு மேல் திறந்து முன் டிஸ்க்கில் சிக்கக்கூடும் என்பதற்காகவே டிரெக் நிறுவனம் 2015இல் பெரும் எண்ணிக்கையிலான சைக்கிள்களுக்குக் குவிக் ரிலீஸை மாற்றித் தர நேர்ந்தது.

எடை குறைவு என்பதற்காக வாங்கப்படும், லிவரை மடக்கும்போது இறுக்கம் தரும் நெம்புருளை வெளியே தெரியும் ஸ்கூவர்களை நான் டிஸ்க் பிரேக்குக்குப் பரிந்துரைப்பதில்லை. நெம்புருளை உள்ளே மூடிய எஃகு ஸ்கூவர் அதே கைவலுவுக்கு அதிக இறுக்கம் தரும். நம் ஊர் மழையும் சேறும் அதற்குள் எளிதில் புகுவதில்லை.

சக்கரம் உண்மையில் நழுவியதா என்று ஊகிக்க வேண்டியதில்லை. இடது முனை இறங்கினால் சக்கரத்தின் மேற்பகுதி இடப்பக்கம் சாயும். ஆகவே ஃபோர்க்கின் மேல் வளைவருகே டயருக்கும் இரு கால்களுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இன்னும் உறுதி வேண்டுமானால், புறப்படும் முன் நட்டிலிருந்து ஃபோர்க் மீது குறுக்காக மார்க்கர் பேனாவால் மெல்லிய கோடு ஒன்று போட்டு, இறங்கிய பின் பார்க்கலாம். கோடு முறிந்திருந்தால் ஏதோ நகர்ந்திருக்கிறது. சக்கரத்தைக் கழற்றினால், ஸ்கூவர் முகத்தின் பற்கள் ஃபோர்க் உலோகத்தில் பதித்த தடம் தெரியும்; ஒரே வட்டமாக இருந்தால் நல்லது, கீழ்நோக்கி இழுபட்டு இரட்டையாகத் தெரிந்தால் அச்சு ஏற்கெனவே நழுவியிருக்கிறது. அந்த முகங்களில் கிரீஸ் இருந்தால் துடைத்துவிட வேண்டும்.

கோடு முறியாமலும் ஓசை வந்தால் வேறிடம் தேட வேண்டும். எல்லா போல்ட்டுகளையும் ஒரே மூச்சில் இறுக்கினால் எது தளர்ந்திருந்தது என்பது கடைசிவரை தெரியாது. முன் பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்து, ஃபோர்க்கும் சட்டகமும் சேருமிடத்தில் விரலை வையுங்கள். அங்கே ஆட்டம் தெரிந்தால், ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங் தொகுதியான ஹெட்செட் தளர்ந்திருக்கிறது. ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தாமல் மேல்மூடியை மட்டும் இறுக்குவதால் பயன் இல்லை. ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளும்போது ஆடினால் ஹப்பின் பேரிங்கைப் பார்க்க வேண்டும். பிரேக் பிடித்த கணத்தில் ஒருமுறை மட்டும் மெல்லக் கேட்கும் ஒலி, காலிப்பருக்குள் பேட் நகர்வதால் வருவதாகவும் இருக்கலாம். அது அவ்வளவாகக் கவலைப்பட வேண்டியதன்று.

பிளவின் முனையில் உள்ள சிறு உதடுகள் சக்கரத்தை மாட்ட இடைஞ்சல் தருகின்றன என்று அரத்தால் தேய்த்துவிடுபவர்கள் உண்டு. லிவர் தளர்ந்த பிறகும் சக்கரத்தை விழாமல் தாங்குவது அந்த உதடுகள்தான். அதேபோல், பிளவுக்குப் பதில் மூடிய துளைக்குள் செல்லும் 15 மில்லிமீட்டர் துளை அச்சு கொண்ட ஃபோர்க்கில் சக்கரம் கீழே நழுவ வழியில்லை என்றாலும், அச்சு தளர்ந்தால் அங்கும் ஆட்டமும் ஓசையும் வரும். அதன் மீது அச்சிடப்பட்டுள்ள முறுக்கு அளவுக்கு இறுக்க வேண்டும். பழைய குவிக் ரிலீஸ் ஃபோர்க்கில் பிளவின் முகங்கள் ஆழமாகத் தேய்ந்து பள்ளமாகிவிட்டால், ஸ்கூவரை எத்தனை முறை மாற்றினாலும் பிடிமானம் திரும்பாது. ஃபோர்க்கையே மாற்ற வேண்டும்.