சாட்சியம் பதிவு செய்யப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

ஆரியங்காவு தாண்டிக் கேரளத்தில் புனலூர் பக்கம் போனால், குளத்துப்புழை, ஆயிரநல்லூர் ரப்பர் தோட்ட லயங்களில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இலங்கையிலிருந்து வந்த நம் ஆட்கள் இருக்கிறார்கள். இலங்கையின் இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்ள வழிசெய்த 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்தவர்களுக்கென்று 1976-ல் உருவான நிறுவனத்தின் தோட்டங்கள் அவை. இலங்கையில் தமிழர்கள் மீது நடந்த 1977, 1983 இன வன்முறைகளை நேரில் பார்த்த பெரியவர்களும் அங்கே உண்டு. செங்கோட்டை, தென்காசியிலிருந்து பிள்ளைகள் செல்போனோடு வந்து பேச்சைப் பதிவு செய்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் சொதப்பிய அதே இடங்களில்தான் இவர்களும் சொதப்புகிறார்கள். சார்ஜ் இல்லாமல் வருவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

காலையில் போய் நிற்பது

பால்வெட்டு நேரம். மத்தியானத்துக்கு மேல் போங்கள்.

"எத்தனை பேர் செத்தாங்க?" என்று ஆரம்பிப்பது

எந்தத் தோட்டத்தில் பிறந்தீர்கள், பள்ளிக்கூடம் எங்கே, அப்பாவுக்கு என்ன வேலை என்று தொடங்குங்கள். யூத இனப்படுகொலையில் தப்பியவர்கள், அதை நேரில் பார்த்தவர்கள் ஆகியோரின் 50,000-க்கும் மேற்பட்ட சாட்சியங்களைச் சேர்த்த ஷோவா அறக்கட்டளையின் பேட்டிகளும் போருக்கு முந்திய வாழ்க்கையிலிருந்துதான் தொடங்கின.

வெட்டிச் சுருக்கிவிட்டு மூலத்தை அழிப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். ஒரு கல்லூரிப் பையன் ஒரு பாட்டியிடம் இரண்டு மணி நேரம் பேசிப் பதிவு செய்தான். வீடு எரிந்தது 77-ல் என்று ஓரிடத்தில் சொன்ன பாட்டி, இன்னோரிடத்தில் 83 என்றாராம். வயசாளி குழம்புகிறார் என்று இவனே முடிவு கட்டி 83-ஐ வெட்டினான். அவர் பேசாமல் முந்தானையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தையும் வெட்டினான். நாலு நிமிட வீடியோ, பின்னணியில் சோக வயலின், வாட்ஸ்அப்பில் பரவியது. போனில் இடமில்லை என்று மூலத்தை அழித்துவிட்டான்.

அப்புறம் பாட்டியின் தம்பி சொன்னார்: 1977-ல் மலையகத்தில் லயம் எரிந்ததும் பல குடும்பங்களைப் போல அக்காவும் வவுனியா பக்கம் போய்க் குடிசை போட்டார். 83-ல் அதுவும் போயிற்று. ஆக, எரிந்தது இரண்டு வீடு. திரும்பக் கேட்கலாமென்றால், அதற்குள் பாட்டிக்குப் பெற்ற மகளையே அடையாளம் தெரியாத நிலை. பையனைக் கேட்டால், "அண்ணே, வீடியோ நல்லாத்தானே போச்சு?" என்கிறான்.

சரி, பாட்டி உண்மையிலேயே தவறாகச் சொல்லியிருந்தால்? அப்போதும் வெட்டக்கூடாது. 1944 அக்டோபர் 7-ல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கைதிகள் கிளர்ந்தெழுந்தார்கள். அதைப் பார்த்த ஒரு பெண், பிணம் எரிக்கும் கூடங்களின் நான்கு புகைபோக்கிகள் வெடித்ததாக யேல் பல்கலைக்கழகக் காணொளித் தொகுப்புக்குச் சொன்னார். வெடித்தது ஒன்றுதான். எண்ணிக்கையே தப்பு, இந்தச் சாட்சியை நம்ப முடியாது என்றார்கள் வரலாற்றாசிரியர்கள். அந்தத் தொகுப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான மனநல மருத்துவர் டோரி லாப் ஒத்துக்கொள்ளவில்லை. யாரும் எதிர்க்கவே முடியாது என்றிருந்த இடத்தில் எதிர்ப்பு வெடித்ததை அந்தப் பெண் கண்டார், அதற்குத்தான் சாட்சி சொல்கிறார் என்று வாதாடினார். "நான்கு" என்ற சொல்லை யாராவது முன்பே வெட்டியிருந்தால் இந்த வாதமே எழுந்திருக்காது. சந்தேகம் வந்தால் தனித்தாளில் குறித்து வையுங்கள். பதிவில் கை வைக்காதீர்கள். வாட்ஸ்அப்புக்குத் துண்டு வேண்டுமென்றால் பிரதியிலிருந்து எடுங்கள்.

அனுமதியை ஒரே தடவை கேட்பது

பேசி முடித்த பிறகு இன்னொரு தடவை கேளுங்கள். இலங்கையில் ஹட்டன் பக்கம் இன்னும் சொந்தபந்தம் இருக்கும், பேசியது அவர்களைப் பாதிக்குமோ என்று பயப்படலாம். பெயர் வேண்டாமென்றால் வேண்டாம்.

மழையில் பதிவது

ஷீட் கூரை. ஒன்றும் கேட்காது.

ஒரே இடத்தில் வைப்பது

ஒரு பிரதி உங்களிடம், ஒன்று வேறு ஊரில் இருக்கும் நண்பரிடம், ஒன்று பென் டிரைவில் அந்தக் குடும்பத்திடம். கோப்பின் பெயரிலேயே தேதியும் தோட்டத்தின் பெயரும் இருக்கட்டும். "பாட்டி வீடியோ ஃபைனல் 2" என்று வைத்தால் அடுத்த வருஷம் உங்களுக்கே எந்தப் பாட்டி என்று தெரியாது.