கரப்பான் முடியைப் பார்த்து ஒரு காற்று சென்சார்

செருப்பை ஓங்கும்போதே கரப்பான் பூச்சி ஓடிவிடுகிறதே, அதற்கு முக்கியக் காரணம் கண் இல்லை. வால்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கொம்புகளில் ஒவ்வொன்றிலும் சுமார் 200 நுண்முடிகள் இருக்கின்றன, செருப்பு தள்ளிக்கொண்டு வரும் காற்று அவற்றைச் சாய்த்ததுமே அது கிளம்பிவிடும். ஓசூர் பக்கம் மாமாவின் ரோஜா பசுமைக்குடிலுக்கு எனக்கு வேண்டியிருந்ததும் இதுதான். உள்ளே காற்று நின்றுபோனால் இலையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், ஆனால் கிண்ணம் சுழலும் காற்றுமானி அவ்வளவு மெல்லிய காற்றுக்கு அசையவே அசையாது.

பூச்சியின் முடி வளைவதில்லை, வேரில் சாய்கிறது. அதனால் முடி விறைப்பாக, அடி இளக்கமாக இருக்க வேண்டும். பாட்டில் மூடியில் 5 மி.மீ. ஓட்டை போட்டு, பலூன் துண்டை அதன்மேல் லேசாக இழுத்து ஒட்டுங்கள் (விறைக்க இழுத்தால் போச்சு). தரை தேய்க்கும் பிரஷ்ஷின் ஒரு நாரை ஊசித்துளை வழியே நுழைத்து, மேலே 15, கீழே 5 மி.மீ. விட்டு ஒரு சொட்டு பசை வையுங்கள். கீழ்நுனியில் மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளில் ஒரு துணுக்கு ஒட்ட வேண்டும். மார்க்கர் மை போதாது, அகச்சிவப்பு ஒளி பல மைகளை ஊடுருவிப் போய்விடும். அந்தத் துணுக்கு ஸ்லாட் சென்சாரின் (ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்ஈடி, எதிர்ப்பக்கம் அந்த ஒளியை வாங்கும் பாகம், நடுவில் இடைவெளி) ஒளியைச் சரியாகப் பாதி மறைக்கட்டும், அப்போதுதான் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதும் தெரியும். எல்ஈடிக்கு 220 ஓம் மின்தடை, ஒளியை வாங்கும் பக்கம் 10கே பிரீசெட் (திருகி மாற்றும் 10,000 ஓம் மின்தடை), ஆர்டுயினோ என்ற சின்னக் கணினி அட்டையில் வரும் எண் 512 பக்கம் (0 முதல் 1023 வரையில் நடு) நிற்கும்வரை அதைத் திருகுங்கள். வெயில் படாமல் மூடிவையுங்கள்.

நான் சறுக்கியது நீளத்தில். சின்னதாக இருக்கட்டும் என்று 1 மி.மீ. விட்டு, சென்சாரை ஒரு பலகையின் நடுவில் பொருத்தினேன், ஒன்றும் அசையவில்லை. பரப்பை ஒட்டிய காற்று எப்போதும் மந்தமாகத்தான் நகரும். நொடிக்கு 1 மீட்டர் காற்றில், பலகையின் முன்விளிம்பிலிருந்து 5 செ.மீ. உள்ளே அந்த மந்தப் படலமே 4 மி.மீ.க்கு மேல் இருக்கும், 1 மி.மீ. உயரத்தில் பாதி வேகம்கூடக் கிடைக்காது. முடியை நீட்டுங்கள், இல்லையென்றால் முன்விளிம்புக்குத் தள்ளுங்கள். சுவர்க்கோழிக்குக் குட்டையும் நெட்டையுமாகப் பல முடிகள்: நீண்டது மெதுவான அசைவுக்கு, குட்டையானது வேகமான அதிர்வுக்கு. நாமும் 8, 15, 25 மி.மீ. என மூன்று வைக்கலாம்.

அளவு குறிக்க, மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு, 10 மீட்டர் வராந்தாவில் சென்சாரைக் கையை நீட்டிப் பிடித்தபடி நடங்கள். 10 நொடியில் கடந்தால் நொடிக்கு 1 மீட்டர், 20 நொடி என்றால் அரை மீட்டர். அப்புறம் குடிலில் செடி உயரத்திலேயே, இலைகளுக்கு நடுவே வையுங்கள். பகல் சூட்டில் பலூனின் இழுவை மாறிப் பூஜ்யம் நகரும், காலையில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து மூடி, அப்போது வரும் எண்ணையே அன்றைய பூஜ்யமாக வைத்துக்கொள்ளுங்கள்.