ஆளில்லாத ஆர்கேடில் அவசரம் எதற்கு?

செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டு மணி. மாலின் மேல்மாடி கேம் ஜோனில் நானும், துணியால் ஸ்டியரிங்குகளைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பையனும்தான். வரிசை கிடையாது. பின்னால் நின்றுகொண்டு "அங்கிள், எப்ப முடியும்?" என்று நச்சரிக்கும் வாண்டுகளும் கிடையாது. இருந்தும் அரைமணி நேரத்தில் ஐந்நூறு ரூபாயைத் தீர்த்துவிட்டு வெளியே வந்தேன். என்னென்ன ஆடினேன் என்று கேட்டால் கோர்வையாகச் சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் பரபரப்பைப் பழக்கதோஷத்தில் உள்ளே கொண்டுபோயிருக்கிறேன். காலியான ஆர்கேடில் நாம் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன.

முதலில், பணம் ஏற்றி மெஷினில் தேய்க்கும் கார்டு. நுழைந்ததும் கவுண்டரில் பெரிய தொகைக்கு ரீசார்ஜ் செய்துவிடுவது பலருக்கும் வழக்கம், போனஸ் கிடைக்கிறதே என்று. அதற்கு முன் ஒரு சுற்று நடந்து பாருங்கள். எந்த மெஷினில் ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு கழியும் என்று பல இடங்களில் கார்டு தேய்க்கும் இடத்திலேயே போட்டிருக்கும். மீதிப் பணம் திரும்ப வருமா, கார்டு எத்தனை நாள் செல்லும், வாரநாள் சலுகை உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். கேட்காமல் யாரும் சொல்லமாட்டார்கள்.

அடுத்தது, சும்மா நிற்கும் மெஷினின் திரையைப் பார்க்காமல் கார்டைத் தேய்ப்பது. தானாக ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் காட்சி வெறும் விளம்பரம் அல்ல. எந்தப் பொத்தான் எதற்கு, எப்போது தோற்போம் என்பதையெல்லாம் பெரும்பாலும் அதிலேயே காட்டிவிடுவார்கள். நம்கோ நிறுவனத்தின் டைம் கிரைசிஸ் என்ற சுடும் விளையாட்டைப் பாருங்கள். துப்பாக்கியோடு காலடியில் ஒரு பெடலும் இருக்கும். மிதித்தால் மறைவிலிருந்து வெளியே வந்து சுடலாம். காலை எடுத்தால் மறைவுக்குள் போய்விடுவோம், குண்டும் நிரம்பிவிடும். முதல்முறை ஆடுபவர் மிதித்த காலை எடுக்கவே மாட்டார். குண்டு தீர்ந்தபிறகும் விசையை இழுத்துக்கொண்டே அடி வாங்குவார். அதற்காக ஒளிந்துகொண்டே இருக்கவும் முடியாது, மேலே நேரம் ஓடிக்கொண்டிருக்கும். சரி, இது பிடிபட்டது என்று பக்கத்தில் சேகாவின் ஹவுஸ் ஆஃப் த டெட்டுக்குப் போனால் அங்கே பெடலே கிடையாது. அதன் பழைய மெஷின்களில் துப்பாக்கியைத் திரைக்கு வெளியே திருப்பிச் சுட்டால்தான் குண்டு நிரம்பும். ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் ஏமாறும் இடம் இது.

கார் பந்தயத்தில் நம்மைக் கவிழ்ப்பது கௌரவம். டேடோனா யூஎஸ்ஏவில் மூன்று தடங்கள். வழக்கமான அமைப்பில் பிகினர் தடத்துக்கு எட்டுச் சுற்று, எக்ஸ்பர்ட்டுக்கு இரண்டே சுற்று. இரண்டுதானே என்று எக்ஸ்பர்ட்டைத் தொட்டுவிடுகிறோம், போதாததற்கு மேனுவல் கியர் வேறு. முதல் சில வளைவுகளிலேயே சுவரோடு உரசி, நேரம் முடிந்து ஆட்டமும் முடிந்துவிடும். நிஜத்தில் பதினைந்து வருடமாகக் கார் ஓட்டுகிறேன் என்பதெல்லாம் அங்கே செல்லாது. உட்கார்ந்ததும் சீட்டை முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளுங்கள். கால் எட்டாமல் நுனியில் உட்கார்ந்து ஓட்டுபவர்கள் எத்தனை பேர்!

டான்ஸ் மெஷின் பக்கம் அன்றுவரை நான் போனதே இல்லை, யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற கூச்சம். ஆளில்லாத நாளைவிட அதற்கு நல்ல நாள் ஏது? கோனாமி 1998இல் கொண்டுவந்த டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் வகை மெஷின் அது. ஏறி நின்று, காலடி மேடையிலிருக்கும் அம்புக்குறியை மிதித்ததும் காலை நடுவுக்குக் கொண்டுவந்து, அடுத்த அம்புக்கு மறுபடி நீட்டிக்கொண்டிருந்தேன். துடைக்கும் துணியைத் தோளில் போட்டபடி பார்த்துக்கொண்டிருந்த பையன், "நடுவுக்கு வராதீங்க அண்ணா, மிதிச்ச இடத்துலயே காலை வைங்க" என்றான். காலை அம்பின் மேலேயே விட்டுவைத்தால் அடுத்த அசைவு பாதியாகக் குறைகிறது. அதற்குப் பிறகுதான் தாளம் கிடைத்தது. குனிந்து காலைப் பார்ப்பதையும் விட்டுவிட வேண்டும், எந்த அம்பை எப்போது மிதிக்க வேண்டும் என்று காட்டுவது திரைதான்.

தொண்ணூறுகளில் ஒரு ரூபாய்க் காசோடு வீடியோ கேம் கடைக்கு ஓடியவர்களுக்கு 'முஸ்தபா' நினைவிருக்கும். கேப்காம் 1993இல் வெளியிட்ட காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்தான் அது. எங்காவது அந்த மெஷினைப் பார்த்தால் இரண்டு பொத்தான்களையும் ஒருசேரக் குத்தாதீர்கள். சுற்றியிருப்பவர்களைத் தூக்கியடிக்கும் அந்த அடிக்கு நம் உயிர்தான் கொஞ்சம் குறையும். சிறுவயதில் அது தெரியாமல் நான் இழந்த காசுக்குக் கணக்கே இல்லை.

அப்புறம், 'கண்டினியூ?' என்று கேட்டுப் பத்திலிருந்து இறங்கும் எண்கள். பணம் கரைவது இங்கேதான். கை பழகாதபோது தொடர்ந்தால் இன்னும் கடினமான கட்டத்தில் போய் நிற்போம், அங்கே இன்னும் சீக்கிரம் சாவோம். பல விளையாட்டுகளை முயன்று பார்க்க வந்தவர் எண் பூஜ்யத்துக்கு இறங்கட்டும் என்று விட்டுவிடலாம். பிடித்திருந்தால் முதலிலிருந்து ஆடுங்கள்.

பொம்மை தூக்கும் மெஷினை மட்டும் விளையாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். கொக்கி எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதை நடத்துபவரே அமைத்துக்கொள்ளலாம். பல மெஷின்களில் சில ஆட்டங்களுக்கு ஒருமுறைதான் முழு இறுக்கம் வரும். கூட்டமான நாளில் மற்றவர்கள் தோற்பதைப் பார்த்தாவது உஷாராகலாம். காலியான நாளில் அதற்கும் வழியில்லை.

கார்டைத் தேய்ப்பதற்கு முன் ஸ்டியரிங்கையும் துப்பாக்கி விசையையும் ஒருமுறை அசைத்துப் பாருங்கள். ஒருமுறை தேய்த்ததும் திரை மாறவில்லை என்று உடனே மறுபடி தேய்த்தால் இரண்டு ஆட்டத்துக்கான பணம் கழிந்துவிடக்கூடும், சில நொடி பொறுங்கள். மெஷின் பணத்தை விழுங்கிவிட்டால் தட்டாமல், குத்தாமல், அங்கேயே நின்று ஊழியரைக் கூப்பிடுங்கள். நான் சுட்டது எல்லாம் ஒரு சாண் இடப்பக்கமாகவே போய்க்கொண்டிருந்த ஒரு துப்பாக்கியை, அந்தப் பையன் மெஷினைத் திறந்து இரண்டு நிமிடத்தில் சரிசெய்து, கழிந்த ஆட்டத்தையும் திருப்பிக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் அவன் என் பக்கம் வருவதற்கே அரைமணி ஆகியிருக்கும்.